பயாப்ஸி ரிப்போர்ட் வரும்வரை: காத்திருக்கும் நாட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சதை எடுத்து அனுப்பியாயிற்று. "ஒரு வாரம் கழிச்சு வாங்க, ரிப்போர்ட் பார்த்துட்டுப் பேசிக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது என்ன கட்டி என்று அவருக்கும் இன்னும் தெரியாது. அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புற்றுநோய் சிகிச்சையைப் பற்றிப் படிக்க எவ்வளவோ கிடைக்கிறது. சிகிச்சை தேவைப்படுமா என்றே தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பார்க்க வருகிறவர்கள் "தைரியமா இருங்க", "எல்லாத்தையும் ஆண்டவன்கிட்ட விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதை விடுவது, எப்படி விடுவது என்று கேட்டால் பதில் இருக்காது. மொத்தப் பாரத்தையும் ஒரே மூச்சில் இறக்கி வைப்பது யாராலும் ஆகாத காரியம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதையே பிரித்து, இது லேபின் வேலை, இது தம்பியின் வேலை, இது நாளைக்குப் பார்க்க வேண்டியது என்று ஒவ்வொன்றாகக் கைமாற்றிக் கொடுக்க முடியும். கீழே உள்ள படிகள் எல்லாமே அப்படிக் கைமாற்றுவதுதான். நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். பல வீடுகளில் நோயாளி தூங்கிவிடுகிறார், கூட இருப்பவர்தான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

படி 1: லேபில் நடப்பதைத் தெரிந்துகொண்டு, அதை லேபிடமே விடுங்கள்

ரிப்போர்ட் ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று தெரியாததால் வரும் பயம் கொஞ்சநஞ்சமல்ல. "ஏதோ பெருசா இருக்கு, அதான் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று மனம் கதை கட்ட ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் இதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவோம்.

எடுத்த சதைத் துணுக்கை முதலில் ஃபார்மலினில் போடுவார்கள். அது அழுகாமல், செல்கள் இருந்தபடியே நிலைத்து நிற்கப் பல மணி நேரம் பிடிக்கும். மார்பகச் சதை குறைந்தது 6 மணி நேரமாவது அதில் ஊற வேண்டும் என்று விதியே இருக்கிறது. பிறகு ஆல்கஹாலில் போட்டு நீரை வெளியேற்றி, ஸைலீனில் கழுவி, உருகிய மெழுகை உள்ளே ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஓர் இயந்திரம் இரவு முழுக்க இதைச் செய்கிறது. மறுநாள் அந்தத் துணுக்கு ஒரு சிறிய மெழுகுக் கட்டிக்குள் இருக்கும். இதுதான் 'பிளாக்'. அதை மைக்ரோடோம் என்ற கருவியில் 3 முதல் 5 மைக்ரான் கனத்தில் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் 200, 300 சீவல் போடலாம், அவ்வளவு மெல்லிசு. அந்தச் சீவலைக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால் செல்லின் உட்கரு நீலமாகவும் மற்ற பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். இதுதான் 'ஸ்லைடு'. அப்புறம்தான் பேத்தாலஜிஸ்ட் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்.

இத்தனையும் தடங்கலில்லாமல் நடந்தாலே சில நாட்கள் ஆகிவிடும். எலும்பிலிருந்து எடுத்தது என்றால் சுண்ணாம்புச் சத்தை அமிலத்தில் கரைத்த பிறகே சீவ முடியும், அதற்குத் தனியாக நாள் வேண்டும். பார்த்தவர் இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டின் கருத்தைக் கேட்க நினைக்கலாம். ஐ.எச்.சி. என்ற கூடுதல் சாயப் பரிசோதனை தேவைப்படலாம். அந்த வார்த்தையைக் கேட்டதுமே சிலர் உடைந்துவிடுகிறார்கள். ஒன்றை உறுதிசெய்யவும் அதைச் செய்வார்கள், இது இல்லை என்று விலக்கவும் செய்வார்கள், வகை பிரிக்கவும் செய்வார்கள். சின்ன ஊர் மருத்துவமனைகள் மாதிரியைப் பெரிய நகரத்து லேபுக்கு அனுப்புகின்றன, போய்ச் சேரும் நேரமும் இருக்கிறது. நடுவில் ஒரு பொங்கல் விடுமுறை வந்தால் கேட்கவே வேண்டாம். தாமதத்தை வைத்து நல்லதா கெட்டதா என்று ஊகிக்கவே முடியாது. ஊசி குத்தி உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. என்றால் ஓரிரு நாளிலேயே ரிப்போர்ட் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மறுநாளே வந்ததே என்று நீங்கள் பதற வேண்டியதில்லை, அது வேறு பரிசோதனை.

கையில் இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் இந்த நாட்களில் நிறையப் பயமுறுத்தும். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் 'பை-ராட்ஸ் 4' என்று பார்த்ததும் நாலாவது ஸ்டேஜ் என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. அது ஸ்டேஜே இல்லை. படத்தைப் பார்த்து எவ்வளவு சந்தேகப்படலாம் என்று போடும் எண். 4 என்றால் "சதை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது" என்று பொருள். அந்த ஓர் எண்ணுக்குள்ளேயே புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்தில் தொடங்கி 95 சதவீதம் வரை அடங்குகிறது. இவ்வளவு அகலமான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் எந்த முடிவுக்கும் வர முடியாது. தைராய்டு ஸ்கேனில் வரும் 'டை-ராட்ஸ்' எண்ணும் இதே போலத்தான்.

கட்டி என்றாலே புற்றுநோய் என்றும் இல்லை. மார்பகத்தில் ஃபைப்ரோஅடினோமா, நீர்க்கட்டி, தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி என்று எத்தனையோ இருக்கின்றன. நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டி நாள்பட நின்றால் காசநோயையும் முக்கியமான காரணமாகச் சந்தேகிப்பார்கள். என் அண்ணிக்குக் கழுத்தில் வந்தது கடைசியில் அதுவாகத்தான் இருந்தது. ஆறு மாத மாத்திரையோடு சரியானது. எல்லாருக்கும் அப்படியே முடியும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. லேப் சொல்வதற்கு முன் எந்தப் பக்கமும் முடிவு கட்ட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

"கத்தி பட்டா பரவிடும்" என்ற பேச்சும் வரும். பெரும்பாலான கட்டிகளில் பயாப்ஸியால் நோய் பரவுவதில்லை. விரை போன்ற சில இடங்களில் மட்டும் ஊசி குத்தாமல் வேறு வழியில் போவார்கள், அது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். இதைச் சொல்லும் உறவினரிடம் வாதாட வேண்டாம். சரி சரி என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

படி 2: மூன்று கேள்விக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேளுங்கள். கேட்காமல் வந்துவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள். ரிப்போர்ட் எந்தத் தேதிக்குள் வரும்? அந்தத் தேதி தாண்டினால் யாரைக் கேட்பது? ரிப்போர்ட் யார் கைக்கு வரும், டாக்டருக்கா, நம் வாட்ஸாப்புக்கா? பதில்களை, எடுத்த சதை மாதிரிக்கு லேபில் போட்ட எண்ணோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

தேதி கையில் இருந்தால் அதற்கு முந்தைய நாட்களில் போன் அடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அது சின்ன விடுதலை இல்லை. அந்தத் தேதி தாண்டியும் எதுவும் வரவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். சில நேரம் மாதிரி எங்காவது தேங்கிக் கிடக்கும், கேட்டால்தான் நகரும்.

படி 3: யாருக்குச் சொல்வது, யாரைப் பேச விடுவது

இதில்தான் வீடுகள் அதிகம் சிக்கிக்கொள்கின்றன.

நம் குடும்பங்களில் செய்தி இரண்டே விதமாகப் போகும். ஒன்று, யாருக்கும் மூச்சு விடாமல் கணவனும் மனைவியும் மட்டும் சுமப்பார்கள். இல்லையென்றால் ஒரு சித்திக்குச் சொன்னது சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸாப் குழு முழுக்கப் போய், இரவெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டுமே களைப்புதான். நடுவில் ஒரு வழி இருக்கிறது. உண்மையிலேயே உதவக்கூடிய மூன்று நான்கு பேருக்கு மட்டும் சொல்லுங்கள். அவர்களில் ஒருவரைப் 'பேசுகிறவர்' ஆக்குங்கள். அவர் தம்பியாக இருக்கலாம், மைத்துனராக இருக்கலாம், நல்ல தோழியாகவும் இருக்கலாம். "என்னாச்சு, ரிப்போர்ட் வந்துச்சா?" என்று யார் கேட்டாலும் பதில் சொல்லும் வேலை அவருடையது. நோயாளியின் போனுக்கு யாராவது கூப்பிட்டால், "ஒண்ணும் வரலை அக்கா, வந்ததும் தம்பி உங்களுக்குச் சொல்லுவான்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பேசுகிறவருக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அவர் பதறுகிற சுபாவமாக இருக்கக்கூடாது. "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று கதை சொல்கிறவராகவும் இருக்கக்கூடாது. குடும்பத்தில் மூத்தவர் என்பதற்காக மட்டும் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடாதீர்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் ஆறிவிடும்.

இப்போது கஷ்டமான இடம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பயாப்ஸி எடுத்திருந்தால், "அவங்களுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று பிள்ளைகள் டாக்டர் அறை வாசலில் நின்று கெஞ்சுவது நம்மிடம் மிகச் சாதாரணம். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். கேட்டால் பிள்ளைகள் உடைந்துவிடுவார்கள் என்று அவரும் தெரியாத மாதிரி நடிப்பார். ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கும். என் கருத்து இதுதான்: எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. அதை ரிப்போர்ட் வருவதற்கு முன்பே கேட்டுவிடுவது எளிது, வந்தபின் யாருக்கும் நாக்கு எழாது. "ரிப்போர்ட் வந்தா உங்ககிட்டயே நேரா சொல்லச் சொல்லட்டுமாப்பா, இல்ல முதல்ல நாங்க கேட்டுக்கட்டுமா?" என்று கேளுங்கள். "நீங்களே பார்த்துக்கோங்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு, மதியுங்கள். "எனக்குத் தெரியணும்" என்று சொன்னால் அதோடு மறைக்கும் வேலை முடிந்தது. எவ்வளவு பெரிய பாரம் இறங்கும் என்பது அதன்பின் தெரியும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், "அம்மாவுக்கு ஒரு கட்டி, டாக்டர் டெஸ்ட் பண்றாங்க, என்னன்னு தெரிஞ்சதும் உனக்கும் சொல்றோம்" என்ற அளவுக்கு உண்மையாகச் சொல்லிவிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தால் பிள்ளைகள் அதைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

படி 4: தேடுவதையும் தடவிப் பார்ப்பதையும் நிறுத்துவது

கூகுளில் தேடாதே என்றால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் கேட்டதில்லை. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். தேடத் தோன்றும் ஒவ்வொரு கேள்வியையும் அந்த ஃபைலில் ஒரு தாளில் எழுதுங்கள். 'டாக்டரிடம் கேட்க' என்று தலைப்பு போடுங்கள். கேள்வி இனி டாக்டருடையது. போகும் அன்று அந்தத் தாள் கையில் இருந்தால், பதற்றத்தில் எதையும் மறக்காமல் கேட்டுவிடலாம். யூட்யூபில் ஒரு தடவை இந்த விஷயத்தைப் பார்த்துவிட்டால் பிறகு அது நிறுத்தாமல் இதையே கொண்டுவந்து கொட்டும். அந்த வீடியோக்களில் "ஆர்வமில்லை" என்று அழுத்திவிடுங்கள், அல்லது ஒரு வாரம் அந்த ஆப்பையே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கை. குளிக்கும்போது, படுக்கும்போது, பஸ்ஸில் போகும்போது கூட விரல் அந்த இடத்துக்குப் போகும். பெருத்திருக்கிறதா, சிறுத்திருக்கிறதா என்று பார்க்கும். பயாப்ஸி எடுத்த இடத்தில் உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கும், வீங்கியும் இருக்கும். அதைத் தினமும் அமுக்கினால் இன்னும் வலிக்கும். வலித்ததும் "வளருது போல" என்று தோன்றும். காயம் ஆறுகிறதா என்று நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். காய்ச்சல், நிற்காத ரத்தம், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம், நுரையீரலில் எடுத்திருந்தால் மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

யாராவது பத்து போடச் சொல்வார்கள், ஒரு பொடி கொண்டு வந்து கொடுப்பார்கள். கட்டி என்ன என்று தெரியும்வரை எதுவும் பூசவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு நன்றி சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மட்டும் இந்தக் கலவரத்தில் விட்டுவிடாதீர்கள்.

படி 5: கவலைக்கு நேரம் ஒதுக்குங்கள்

தெரியாமல் இருப்பது ஏன் இவ்வளவு வதைக்கிறது? 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் பாறை தெரியும். அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி விழும். கண்டிப்பாக விழும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, விழுமா விழாதா என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. கண் பாவை விரிந்ததிலும், வியர்த்ததிலும் கூட அது தெரிந்தது. ஆக, "கெட்டதாவே இருந்தாலும் பரவாயில்லை, தெரிஞ்சா போதும்" என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் மனவலிமை இல்லாதவர் என்று அர்த்தமில்லை. மனித உடம்பே அப்படித்தான் வேலை செய்கிறது.

கவலையைத் துரத்தினால் அது திரும்பி வரும். அதற்குப் பதில் நேரம் கொடுங்கள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் இருந்தவர்களும் 1983-ல் சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். சாயங்காலம் ஐந்தரை மணி, மொட்டை மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறை வேண்டாம், படுக்கப் போகும் நேரமும் வேண்டாம். காலை பதினொரு மணிக்கு ஒரு பயம் வந்தால் அதை ஒரு வரியில் குறித்துவிட்டு, "ஐந்தரைக்குப் பார்க்கலாம்" என்று அந்த நேரத்திடம் கொடுத்துவிடுங்கள். ஐந்தரைக்கு உண்மையாகவே போய் உட்கார்ந்து, குறித்ததை எல்லாம் எடுத்துக் கவலைப்படுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஒரு வரியைப் பார்த்து "இதுக்கு இப்ப ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் யார், எப்போது என்று பக்கத்தில் எழுதுங்கள். முடியாது என்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். முதல் இரண்டு நாள் சுத்த அபத்தமாகத் தோன்றும். அதன்பின் பகல் நேரம் கொஞ்சம் காலியாவது தெரியும்.

"நான் அன்னிக்கே காட்டியிருந்தா", "யார் கண்ணு பட்டுச்சோ", "என்ன பாவம் செஞ்சேனோ" என்பவையும் அந்த அரை மணிக்குள்தான் வர வேண்டும். இவற்றுக்கு ரிப்போர்ட்டிலும் பதில் இருக்காது. இந்த வாரம் எந்த விசாரணையும் வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வாக்கியத்துக்கு வீட்டில் தடை போடுங்கள்.

படி 6: இரவுகள்

கடைசிக் காபி மதியத்தோடு போதும். குடித்த காபியில் பாதி கஃபீன் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து கூடத்துக்கு வாருங்கள். மங்கலான விளக்கில் துணி மடியுங்கள், கீரை ஆயுங்கள், பழைய வார இதழைப் புரட்டுங்கள். போன் மட்டும் வேண்டாம். கண் சொக்கியதும் திரும்பிப் போங்கள்.

மூச்சுப் பயிற்சியில் எனக்கு ஆரம்பத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. ஸ்டான்ஃபோர்டில் 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் தினமும் ஐந்து நிமிடம் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு பயிற்சியைச் செய்தவர்களுக்கு மனநிலை தெளிவாகவே மேம்பட்டிருந்தது. செய்வது சுலபம். மூக்கால் இழுங்கள், நெஞ்சு நிறைந்ததும் மேலே இன்னும் ஒரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் மெல்ல, நீளமாக விடுங்கள். விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். விடியற்காலை மூன்று மணிக்குப் படபடப்போடு முழிப்பு தட்டினால் இதை முயலுங்கள். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சொத்து, பெண் கல்யாணம், வேலை எதைப் பற்றித் தோன்றினாலும் ஐந்தரை மணி நோட்டுக்குப் போகட்டும்.

படி 7: கைக்கு வேலை கொடுங்கள்

கலிபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர் காத்திருப்பதைப் பற்றியே பல ஆண்டுகளாக ஆராய்கிறார். வக்கீல் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை வைத்துப் பார்த்ததில், கவலை ஆரம்பத்திலும் கடைசியிலும் அதிகமாக, நடுவில் தணிந்து இருப்பதைக் கண்டார். நேரம் போவதே தெரியாமல் ஒரு வேலையில் மூழ்க முடிந்தவர்களுக்குக் காத்திருப்பு சற்று லேசாக இருந்தது என்பதையும் அவர் குழு காட்டியது. டிவி பார்ப்பது அந்த வகையில் சேராது. கொஞ்சம் சவாலாக இருக்க வேண்டும், முடிகிறதா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். என் அண்ணி ஜாக்கெட் தைப்பவர். அந்த வாரம் வந்த கல்யாண ஆர்டர்களை வேண்டாம் என்று திருப்பிவிடச் சொன்னோம், கேட்கவில்லை. ஆரி ஊசியும் ஜரிகையுமாக உட்கார்ந்துவிட்டார். கண்ணைக் கொஞ்சம் அகற்றினாலும் பூ கோணிவிடும் வேலை அது, அதற்குள் வேறு நினைப்புக்கு இடமில்லை. உங்களுக்குச் செடி, கணக்கு, பைக்கைப் பிரித்துத் துடைப்பது, ஊறுகாய் என்று எதுவாகவும் இருக்கலாம். "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று நோயாளியின் கையிலிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிவிடாதீர்கள். காயம் இருக்கும் இடத்துக்கு இழுபடாத வேலையாக இருந்தால் போதும்.

கூட இருப்பவருக்கும் வேலை உண்டு, அது காகித வேலை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் அடுக்குங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வருமான வரம்புக்குள் வருபவராக இருந்தால் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். ரேஷன் கார்டு, ஆதாரில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள், கடைசி நேரத்தில் எழுத்துப் பிழைதான் ஆளை அலைய விடும். தனியார் பாலிசி இருந்தால் அதன் நகலை எடுத்து ஃபைலில் சேர்த்துவிடுங்கள். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தாலும் இந்த உழைப்பு வீணாகாது, அட்டை இருந்துகொண்டே இருக்கும்.

படி 8: சாமியிடம் விடுவது

நம்பிக்கை இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். நம்புகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன் வைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேளாங்கண்ணிக்கோ, நாகூர் தர்காவுக்கோ, சமயபுரத்துக்கோ நேர்ந்துகொள்கிற குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதில் நான் மதிக்கும் விஷயம், முடிந்து வைத்தபின் அதைத் திரும்ப அவிழ்த்துப் பார்ப்பதில்லை என்பது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அந்தப் பக்கத்துப் பொறுப்பு. ஒரு வேண்டுதல் அப்படி ஆறுதல் தரும்.

அதே காரியம் பத்தாகப் பெருகினால் எதிர்வேலை செய்யும். ஒரு ஜோசியர் நல்லது சொன்னார் என்று இன்னொருவரைத் தேடுவது, பூ கட்டிப் பார்த்து வெள்ளைப் பூ வரும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பது, பல்லி சத்தத்துக்கு அர்த்தம் தேடுவது எல்லாம் கூகுளில் தேடுவதற்குச் சமம்தான். உடம்பு முடியாதவர் கடும் விரதம் இருப்பதும் வேண்டாம். வேறு யாராவது அவருக்காக இருக்கட்டும்.

படி 9: ரிப்போர்ட் நாள்

இப்போதெல்லாம் ரிப்போர்ட் டாக்டருக்குப் போகும் முன்னரே ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸாப்பில் பி.டி.எஃப். ஆக வந்து விழுகிறது. அதைத் திறப்பதா, திறந்தால் யார் திறப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். என் யோசனை, நோயாளியின் எண்ணைக் கொடுக்காமல் பேசுகிறவரின் எண்ணை லேபில் கொடுத்துவிடுவது. மறுநாள் டாக்டரைப் பார்க்க முடியும் என்றால் திறக்காமல் இருப்பது நல்லது. தாங்காது என்றால் திறங்கள், ஆனால் தனியாக வேண்டாம்.

திறந்தால் கடைசியில் 'இம்ப்ரஷன்' அல்லது 'டயக்னோசிஸ்' என்று இருக்கும் பகுதியைப் பாருங்கள். மேலே உள்ள நீளமான வர்ணனையில் வரும் பயங்கரமான சொற்கள் பல, துணுக்கின் அளவையும் நிறத்தையும் சொல்பவை. 'நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்ஸி' என்பது நல்ல செய்தி, புற்றுநோய் தென்படவில்லை என்று பொருள். நெகட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துக் கலங்கியவர்கள் இருக்கிறார்கள். 'பினைன்' என்றால் சாதாரணக் கட்டி. 'மாலிக்னன்ட்', 'கார்சினோமா' என்றால் புற்றுநோய். 'ஏடிபிகல்', 'இன்கன்குளூசிவ்' என்றால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை, மேலும் பார்க்க வேண்டும் என்று பொருள்.

டாக்டரிடம் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளலாம். கெட்ட செய்தி என்றால் முதல் வாக்கியத்துக்குப் பிறகு காதில் எதுவும் ஏறாது, அதற்காகத்தான் எழுதுகிறவர். அன்றைக்கே எல்லாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. "எத்தனை நாளுக்குள்ள ஆரம்பிக்கணும் டாக்டர்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் அளவுக்கு அவகாசம் இருக்கும். அப்படிப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வேறு பேத்தாலஜிஸ்ட் அவற்றையே மறுபடி பார்க்க முடியும், மறுபடி சதை எடுக்க வேண்டிய தேவை பல நேரம் இருக்காது. மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன.

தீர்மானமாகத் தெரியவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று வந்தால் அதுதான் மனத்தை அதிகம் சோர்த்துவிடும். ஒரு வாரம் வீணாகிவிட்டது போல இருக்கும். அன்று ஒரு நாள் எதுவும் செய்யாமல் இருங்கள். மறுநாள் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்: புதுத் தேதி, புது மாதிரி எண்.

இந்த நாட்களில் எந்தக் கட்டத்திலாவது இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, தூக்கமே இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது தைரியத்தால் சமாளிக்கும் விஷயமில்லை. இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். நோயாளிக்காக மட்டுமில்லை, கூட இருப்பவரும் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தனியாக விடாமல் கூடவே இருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

நல்ல ரிப்போர்ட் வந்தவர்களுக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். விஷயம் தெரிந்த அந்த மூன்று நான்கு பேருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர்களும் உங்களோடு சேர்ந்து காத்திருந்தவர்கள்தானே. பல நாள் இறுக்கம் விட்ட பிறகு காரணமில்லாமல் அழுகையோ எரிச்சலோ வருவதுண்டு, இரண்டொரு நாளில் போய்விடும். ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள், ஸ்கேன் சி.டி.யோடு பீரோவில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அடுத்த ஸ்கேனை ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.